மாத்திரை மாறினால் ரிப்போர்ட்டும் மாறும்

மாதவிலக்கு தள்ளிப்போகிறது, தாடையில் முடி வளர்கிறது, பருக்கள் அடங்கவில்லை என்று டாக்டரிடம் போனால், அவர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் டெஸ்டோஸ்டிரோனும் பெரும்பாலும் இருக்கும். ரிப்போர்ட்டில் வரும் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால், ஏன், நிம்மதி அடைவதற்கு முன்னாலும், ஒரு கேள்விக்குப் பதில் தேவை. அப்போது புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் புரோஜெஸ்டின் வகை மருந்து எதையாவது எடுத்துக்கொண்டிருந்தீர்களா?

பலருக்கு அது ஹார்மோன் மருந்து என்பதே தெரியாது. விசேஷ நாட்களில் மாதவிலக்கைத் தள்ளிப்போடச் சாப்பிடும் நோரெதிஸ்டிரோன், அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' கருத்தடை ஊசி, எண்டோமெட்ரியோசிஸுக்குத் தரும் டயனோஜெஸ்ட் எல்லாமே இந்த இனம்தான்.

உத்தரவு குறைகிறது

பெண்ணுடலில் சினைப்பையும் அட்ரீனல் சுரப்பியும் சிறிதளவு டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 15 முதல் 70 நானோகிராம்; ஆணுக்கு 300 முதல் 1000 வரை. சுரக்கச் சொல்லிச் சினைப்பையைத் தூண்டுவது பிட்யூட்டரியிலிருந்து வரும் எல்.எச். ஹார்மோன். போதிய அளவு புரோஜெஸ்டின் உடலில் இருந்தால் எல்.எச். தணிகிறது, டெஸ்டோஸ்டிரோனும் இறங்குகிறது.

ஆனால் ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டற்று உலவுவது 1 முதல் 2 சதவீதம்தான். டெஸ்டோஸ்டிரோனை இறுகப் பிடித்து வைக்கும் எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதத்தை லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் மாத்திரை குறைத்துவிடும்; அப்போது கட்டற்ற பங்கு கூடும். மொத்த அளவு குறைந்தும் சிலருக்குப் பரு வருவதற்கு இது ஒரு காரணம். ஈஸ்ட்ரோஜனும் கலந்த மாத்திரைகள் இதே புரதத்தைக் கூட்டுகின்றன. டிரோஸ்பைரினோன், சைப்ரோடிரோன் போன்ற புரோஜெஸ்டின்கள் டெஸ்டோஸ்டிரோன் வேலை செய்யும் இடத்தையே மறிக்கின்றன. அந்தப் பலன் எந்த ரிப்போர்ட்டிலும் தெரியாது.

எவ்வளவு காலம்?

மாதவிலக்கை வரவழைக்கச் சில நாட்கள் மட்டும் தரும் மாத்திரையின் தாக்கம் தற்காலிகமானது. ஊசி அப்படியல்ல. அந்தராவில் இருக்கும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனையும் தாழ்த்துவதால், நாள்பட எலும்பின் அடர்த்தி குறையக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை தந்தது. ஊசியை நிறுத்தியபின் எலும்பு பெரும்பாலும் தேறிவிடும். கருத்தரிக்கும் திறனும் திரும்பும். கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம் போலாகும். அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ஆண்களுக்கும் உண்டு

புற்றுநோயாளிகளுக்குப் பசி எடுக்கத் தரும் மெஜெஸ்ட்ரால் ஒரு புரோஜெஸ்டின். ஆண்களுக்கு அது டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். நெடுநாள் எடுத்தால் கார்டிசால் சுரப்பையும் அடக்கும். திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். ஆகவே வீட்டார் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. பரிசோதனையில் இருக்கும் ஆண் கருத்தடை ஜெல்லில் புரோஜெஸ்டினோடு டெஸ்டோஸ்டிரோனையும் சேர்ப்பது டெஸ்டோஸ்டிரோன் இழப்பை ஈடுகட்டத்தான்.

பரிசோதனைக்கு முன்

நோரெதிஸ்டிரோனின் மூலக்கூறு டெஸ்டோஸ்டிரோனைப் போலவே அமைந்தது. சில லேப்களின் இம்யூனோஅஸே முறை இரண்டையும் குழப்பி, இல்லாத உயர்வைக் காட்டிவிடும். சந்தேகம் இருந்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் மறுபடி பார்க்கலாம். கருத்தடை மாத்திரை எடுப்பவரிடம் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா என்று ஹார்மோன் அளவை வைத்துக் கண்டறிய, மாத்திரையை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள்.

அதற்காக நீங்களே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் கொடுக்கப் போகும்போது மாத்திரை அட்டையையும் ஊசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த தேதி மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.