உங்களுக்குத் தெரியுமா? உரிமம், தோட்டா, காரைக்கால் எல்லை

■ ரிவால்வர் உரிமம் கையில் இருந்தாலும், விரும்பிய தோட்டாவை வாங்கிவிட முடியாது. படைகளும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அதனால் பெரும்பாலோர் வைத்திருப்பது .32 ரகம்தான். அதன் குண்டின் விட்டம் சுமார் 8 மி.மீ.

■ கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் பெண்களை மனத்தில் வைத்து வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவால்வரும் .32 தான். எடை ஏறக்குறைய அரைக் கிலோ.

■ உடலில் பாய்ந்ததும் விரிந்து சிதைக்கும் ‘டம்டம்’ குண்டுக்குப் பெயர் தந்தது, கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதத் தொழிற்சாலை. இவ்வகைக் குண்டுகளைப் போரில் பயன்படுத்த 1899 ஹேக் பிரகடனம் தடை விதித்தது.

■ 2016 ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் இட்டு, முழுவதும் மூடியே எடுத்துச் செல்ல வேண்டும். எடுத்து வீசிக் காட்டினால் உரிமமே பறிபோகலாம்.

■ எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், எந்தப் பகுதிக்குள் கொண்டுசெல்லலாம் என்பவை உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். உதாரணமாக, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலின் நிலப்பக்கம் முழுவதும் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு மட்டும் தரப்பட்ட உரிமம் அங்கே செல்லாது. தலைநகர் புதுச்சேரிக்குச் சாலை வழியே போகவும் தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும்.

கிளம்பும் முன் உரிமத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். வீட்டில் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.