மருத்துவக் கஞ்சா: விவாதமும் நோயாளிகள் அறிய வேண்டியவையும்

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற விவாதம் பல நாடுகளில் நடைபெற்று வருகிறது. அச்செய்திகளைப் படிக்கும் நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும், "கஞ்சா எண்ணெய் புற்றுநோய் வலியைத் தணிக்குமா? குழந்தையின் வலிப்பை நிறுத்துமா?" என்ற கேள்விகள் எழுகின்றன. நீண்ட காலம் துன்புறுபவர் எல்லா வழிகளையும் தேடிப் பார்ப்பது இயல்பே. இக்கேள்விகளை மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அவற்றுக்கு இன்றைய மருத்துவ அறிவியல் தரும் விடைகளை இப்பக்கம் விளக்குகிறது.

விவாதத்தில் இருப்பவை இரு கேள்விகள்

முதலாவது: குறிப்பிட்ட நோய்க்கு, மருத்துவரின் பரிந்துரையின்பேரில், கஞ்சாவிலிருந்து பெறப்பட்ட மருந்தை அனுமதிக்கலாமா? இதற்கு மருத்துவ ஆய்வுகளே விடை தர இயலும்.

இரண்டாவது: வயதுவந்தோர் மகிழ்வுக்காகக் கஞ்சா பயன்படுத்துவதை அனுமதிக்கலாமா? இது சமூகக் கொள்கை சார்ந்த கேள்வி. பயன்படுத்துபவரைச் சிறைக்கு அனுப்புவதால் நன்மையில்லை, கள்ளச்சந்தையை விட அரசின் கட்டுப்பாடு மேலானது என்பது ஆதரிப்போரின் வாதம். எளிதில் கிடைத்தால் இளைஞர்களிடையே பழக்கம் பெருகும், மனநோய்களும் விபத்துகளும் அதிகரிக்கும் என்பது எதிர்ப்போரின் வாதம்.

கனடா 2001இல் மருத்துவப் பயன்பாட்டையும் 2018இல் பொதுப் பயன்பாட்டையும் அனுமதித்தது. ஜெர்மனி 2017இல் முதலாவதையும் 2024இல் வரம்புகளுடன் இரண்டாவதையும் ஏற்றது. தாய்லாந்து 2022இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது; பின்னர் 2025இல், மருத்துவப் பரிந்துரை இருந்தால் மட்டுமே பூவை விற்கலாம் எனக் கட்டுப்படுத்தியது.

ஒரு நாடு பொதுப் பயன்பாட்டை அனுமதித்துள்ளது என்பது, கஞ்சா நோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்றாகாது. அதுபோலவே, ஒரு பொருள் போதை தரும் என்பதால் அதிலிருந்து மருந்து பெற இயலாது என்றும் கூற முடியாது. அபின் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. புற்றுநோய் வலிக்கு நாம் அபினைத் தருவதில்லை. அதிலிருந்து பிரித்தெடுத்த மார்ஃபினை அளவிட்டுத் தருகிறோம்.

செடியில் உள்ளவை

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் எனப்படும் வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. டி.எச்.சி. என்பது போதையைத் தருவது. சி.பி.டி. என்பது அத்தகைய போதையைத் தராதது. இவற்றின் விகிதம் செடிக்குச் செடி மாறுபடும். ஆகவே, புகைக்கும் கஞ்சாவிலோ தரம் அறியப்படாத எண்ணெயிலோ எது எவ்வளவு உள்ளது என்பதை நீங்கள் அறிய வழியில்லை.

ஆய்வுகளில் பயன் கண்டறியப்பட்ட நிலைகள்

• குழந்தைகளின் சில அரிய, கடுமையான வலிப்பு நோய்கள்: தூய்மையாக்கப்பட்ட சி.பி.டி. மருந்தை டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ ஆகிய நோய்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் அங்கீகரித்தது. டிராவே நோயுள்ள 120 பேரிடம் நடந்த ஆய்வில், சி.பி.டி. பெற்றவர்களின் மாத வலிப்பு எண்ணிக்கை (இடைநிலை அளவு) 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது. முற்றிலும் வலிப்பு நின்றவர்கள் 5 விழுக்காட்டினர் மட்டுமே. ஏற்கெனவே எடுத்துவந்த வலிப்பு மருந்துகளுடன் கூடுதலாகவே இது தரப்பட்டது.
• கீமோதெரபியால் ஏற்படும் வாந்தி: வழக்கமான மருந்துகள் பயன் தராதபோது, செயற்கை டி.எச்.சி. மாத்திரைகள் சில நாடுகளில் தரப்படுகின்றன.
• மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் தசை இறுக்கம்: டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் கலந்த வாய்த்தெளிப்பு மருந்து சில நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது.

நாள்பட்ட வலியைப் பொறுத்தவரை சான்றுகள் வலுவாக இல்லை. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம், வலி நிவாரணத்திற்குக் கஞ்சாவைப் பொதுவாகப் பயன்படுத்துவதை ஆதரிக்க இயலாது என 2021இல் அறிவித்தது. கஞ்சா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் சான்று இல்லை.

அறிந்திருக்க வேண்டிய தீங்குகள்

• கஞ்சா பயன்படுத்துவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றனர். பதின்பருவத்தில் தொடங்கினால் இவ்வாய்ப்பு மேலும் கூடும்.
• மனச்சிதைவு உள்ளிட்ட மனநோய்களின் வாய்ப்பு அதிகரிக்கிறது. குடும்பத்தில் எவருக்கேனும் மனநோய் இருந்தால் ஆபத்து மிகுதி.
• கருவுற்ற பெண்கள் பயன்படுத்தினால் குழந்தையின் பிறப்பு எடை குறையக்கூடும்.
• சி.பி.டி.யை வால்புரோயேட்டுடன் சேர்த்தால் கல்லீரல் பாதிப்பும், குளோபாசாமுடன் சேர்த்தால் மிகுந்த தூக்கக் கலக்கமும் ஏற்படலாம். வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தக்கசிவு ஆபத்து கூடலாம்.

இந்தியச் சட்டம் கூறுவது

போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985இன்படி, கஞ்சாவையும் (பூக்கும் நுனிப்பகுதி) சரஸையும் வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் குற்றம். மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு மட்டும் உரிய அனுமதியுடன் விலக்கு உண்டு. நுனிப்பகுதி சேராத இலையும் விதையும் இச்சட்டத்தின் கஞ்சா வரையறையில் வராது. எனினும், கஞ்சாச் செடிப் பொருள் சேரும் ஆயுர்வேத, சித்த மருந்துகளை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், இந்தியாவின் ஆதரவு வாக்கும் சேர்ந்து, 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. இதனால் கஞ்சா எங்கும் சட்டபூர்வமாகிவிடவில்லை. அது இன்றும் அதே உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில்தான் உள்ளது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• உங்கள் குழந்தை எடுத்துவரும் வலிப்பு மருந்துகளை, எவர் கூறினாலும், தாமாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்துகளுக்கு வலிப்பு கட்டுப்படவில்லையெனில், நரம்பியல் மருத்துவரிடம் மறு ஆய்வு கோருங்கள்.
• புற்றுநோய் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்க 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சைப் பிரிவை அணுகுங்கள். மருத்துவர் கூறும் அளவில் வலிக்கு மார்ஃபின் எடுத்துக்கொள்வது போதைப் பழக்கம் ஆகாது.
• இணையத்தில் விற்கப்படும் எண்ணெய்களை மருத்துவரிடம் காட்டாமல் வாங்கவோ, குழந்தைக்குக் கொடுக்கவோ வேண்டாம்.
• ஏற்கெனவே கஞ்சா அல்லது அதன் எண்ணெயைப் பயன்படுத்தி வந்தால், மறைக்காமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்துகளின் அளவை முடிவு செய்யவும், அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்தைத் திட்டமிடவும் இத்தகவல் இன்றியமையாதது.

பழக்கத்திலிருந்து விடுபட விரும்பினால்

2019இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் கஞ்சாப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்காக ஏறத்தாழ 72 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுவதாக மதிப்பிட்டது. ஆகவே, இத்துன்பத்தில் நீங்கள் தனியாக இல்லை. போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், சிறிதளவு வைத்திருந்தது, பயன்படுத்தியது ஆகிய குற்றங்களுக்கான வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெறச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழிசெய்கிறது. தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகியவற்றைக் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம்.

பிறர் பொருளற்ற அச்சத்துடன் பேசுவது, காரணமின்றிச் சந்தேகிப்பது, கட்டுக்கடங்காத குழப்பம், தற்கொலை எண்ணம் ஆகியவை தென்பட்டால் காத்திருக்க வேண்டாம். அவரை உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தேவையெனில் 108 ஆம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.