மதிப்பெண்ணைக் கணிக்கும் கணிதம்

மேல்நிலைப் பள்ளி மாணவர் ஆண்டிறுதியில் எவ்வளவு மதிப்பெண் பெறுவார் என்பதை முன்கூட்டியே கணிக்கும் கணித மாதிரி, அடிப்படையில் எளிய கருத்தின்மேல் எழுந்ததே ஆகும். ஏற்கெனவே படித்து முடித்தவர்களின் விவரங்களையும் அவர்கள் பெற்ற மதிப்பெண்களையும் அருகருகே வைத்து, எந்த விவரம் முடிவை எவ்வளவு அசைத்தது என்பதை எடையாகக் கணக்கிட்டு, அந்த எடைகளைப் புதிய மாணவர் ஒருவரின் விவரங்களோடு பொருத்தி விடை காண்பதே அதன் வேலை.

இத்துறையில் நுழையும் கணினி மாணவர் பலரும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் தரவுத் தொகுப்பு ஒன்று போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்தது. அலென்டேஜோ பகுதியின் இரண்டு அரசுப் பள்ளிகளில் 2005-06 கல்வியாண்டில் திரட்டப்பட்ட இந்தத் தரவை மின்ஹோ பல்கலைக்கழகத்தின் பாலோ கோர்டெஸும் ஆலிஸ் சில்வாவும் ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். கணிதப் பாடத்தில் 395 மாணவர்களும் போர்ச்சுகீசிய மொழிப் பாடத்தில் 649 மாணவர்களும் அதில் இடம்பெற்றிருந்தனர்; பெற்றோரின் படிப்பு, பள்ளிக்கு வந்துசேர ஆகும் நேரம், வாரத்தில் படிக்கும் மணிக்கணக்கு, மதுப் பழக்கம் என்று தொடங்கி, காதல் உறவு உண்டா என்பதுவரை வினாப்படிவத்தில் கேட்கப்பட்டிருந்தது. (கடைசிக் கேள்விக்கு எத்தனை பேர் உண்மையைச் சொல்லியிருப்பார்கள் என்பதை எந்தச் சூத்திரமும் கண்டுபிடிக்க இயலாது.)

அங்கு ஆண்டுக்கு மூன்று பருவங்கள், மதிப்பெண் இருபதுக்கு, பத்து எடுத்தால் தேர்ச்சி. கேள்விக்குமேல் கேள்வியாகக் கிளை பிரித்து முடிவுக்கு வரும் 'முடிவு மரம்', அத்தகைய பல மரங்களின் தீர்ப்பைத் தொகுத்துப் பார்க்கும் 'சமவாய்ப்புக் காடு', செயற்கை நரம்பு வலையமைப்பு ஆகிய முறைகள் அனைத்தையும் ஆய்வாளர்கள் முயன்று பார்த்தபோது, கணிதத்தில் தேர்ச்சியா தோல்வியா என்ற கேள்விக்கு, இரண்டாம் பருவத்தின் நிலையே இறுதியிலும் நீடிக்கும் என்று சொல்லிவிடும் சாதாரண ஊகம் ஏறத்தாழ 92 சதவீதம் சரியாக அமைந்து, நுட்பமான மாதிரிகளைப் பின்னுக்குத் தள்ளியது. முந்தைய பருவ மதிப்பெண்களை முற்றிலும் மறைத்துவிட்டு, குடும்பத்தையும் பழக்கவழக்கங்களையும் மட்டும் வைத்துக் கணித்தபோதோ சிறந்த மாதிரியின் துல்லியம் 70 சதவீதத்தை ஒட்டியே நின்றது. கணிதத்தில் 395 பேரில் 265 பேர் தேர்ச்சி பெற்றிருந்தனர். ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு அனைவரும் தேர்ச்சி என்று சொல்லியிருந்தாலும் 67 சதவீதம் சரியாகவே இருந்திருக்கும். அத்தனை கேள்விகளும் சேர்ந்து ஈட்டித் தந்த கூடுதல் தெளிவு மூன்று நான்கு சதவீதம்தான்.

கூட்டத்தைப் பற்றி ஓரளவு சரியாகப் பேசும் மாதிரி, தனி ஒருவரைப் பற்றிப் பேசும்போது தடுமாறுவது இயல்பு; உதவி தேவைப்படுவோரை ஆசிரியர் முன்கூட்டியே அடையாளம் காண அது பயன்படும்வரை அந்தத் தடுமாற்றத்தால் பெருங்கேடு இல்லை. ஆனால் 2020இல் கொரோனா காரணமாகத் தேர்வுகள் ரத்தான இங்கிலாந்தில், தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால், கணிப்பையே பள்ளியிறுதித் தேர்வு முடிவாக அறிவித்தது. ஒவ்வொரு பள்ளியும் முந்தைய ஆண்டுகளில் பெற்ற தரநிலைகளின் பரவலை எடுத்து, அவ்வாண்டு மாணவர்களின் முந்தைய தேர்வுத் திறனுக்கேற்பச் சற்றுத் திருத்தி, ஆசிரியர்கள் தந்த தரவரிசைப்படி அந்தப் பரவலில் மாணவர்களை நிரப்புவதே அதன் முறை. இதனால், முன்பு உயர்ந்த தரநிலையை எவரும் பெறாத பள்ளியில் படித்த முதல் மாணவருக்கு, அவர் எவ்வளவு திறமையானவராயினும், அது கிடைப்பது அரிதாயிற்று. மிகச் சிலரே படித்த பாடங்களுக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பீடு ஏற்கப்பட்டதால், சிறு வகுப்புகள் மிகுந்த தனியார் பள்ளிகள் பயனடைந்தன. ஆகஸ்ட் 13இல் வெளியான முடிவுகளில் ஏறத்தாழ 40 சதவீதத் தரநிலைகள் ஆசிரியர் மதிப்பீட்டைவிடக் குறைந்திருந்தன.

மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதை அடுத்து, நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, ஆசிரியர் மதிப்பீடு, கணக்கிட்ட தரநிலை ஆகிய இரண்டில் எது உயர்ந்ததோ அதுவே செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குள் பல்கலைக்கழக இடங்கள் பல நிரம்பிவிட்டிருந்தமையால், மருத்துவம், பல் மருத்துவம் ஆகிய படிப்புகளுக்கான சேர்க்கை உச்சவரம்பை அந்த ஆண்டுக்கு அரசு நீக்க வேண்டியதாயிற்று.