உரை கேட்கப் போகும்போது ஒரு முதியவரையும் கூட்டிச் செல்லுங்கள்

பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கலை, பண்பாடு பற்றிப் பேசும் கூட்டங்கள் படித்தவர்களுக்கானவை என்றே நினைத்திருந்தேன். முல்லைத்தீவில் கூத்துப் பற்றிய உரையொன்றுக்குப் பெரியப்பாவுடன் போன பிறகு அந்த எண்ணம் மாறியது.

வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டம், பாட்டு, உடுப்பு ஆகியவற்றில் உள்ள வேறுபாட்டை விரிவுரையாளர் விளக்கினார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்றார். அங்கு மாணவராக இருந்தபோது 'இராவணேசன்' கூத்தில் ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் கூத்து ஆய்வில் பெயர்பெற்ற பேராசிரியரானார். இந்த ஆய்வுகளுக்கெல்லாம் அடித்தளம் கிராமத்து அண்ணாவிமாரின் அறிவுதான்.

கேள்வி நேரத்தில் பெரியப்பா எழுந்து, கோவலன் கூத்தின் வரவுப் பாட்டொன்றைப் பாடினார். எங்கள் ஊர்க் கூத்துக் கொப்பி 2009 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. மூன்றாம் அடியில் அவருக்கு மறந்துபோனது. பின்வரிசையிலிருந்த இன்னொரு முதியவர் அந்த அடியை எடுத்துக்கொடுத்தார். விரிவுரையாளர் கைபேசியில் பதிவுசெய்தபடியே, "தாளக்கட்டையும் சொல்லுங்கோ ஐயா" என்றார்.

தொலைந்த கொப்பி ஒருவரிடம் முழுதாக இல்லை. பலரின் நினைவில் துண்டுதுண்டாக இருக்கிறது. அவர்கள் ஓரிடத்தில் கூடினால்தான் அதைச் சேர்த்தெடுக்கலாம். பொது உரைகள் அதற்கு வாய்ப்புத் தருகின்றன. பாட்டை ஒலிப்பதிவில் காக்கலாம். ஆட்டத்துக்கு ஒளிப்பதிவு வேண்டும். எந்த ஊர், யாரிடம் பழகியது என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

உங்கள் ஊரில் அடுத்த உரை நடக்கும்போது கூத்தாடிய முதியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.