விபத்துக்குப் பின் செய்ய வேண்டியவை: சட்டமும் மார்க்கமும் தரும் உரிமைகள்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையும், தர்மபுரி தாண்டி சேலம் போகும் தொப்பூர் கணவாயும் நம் மாவட்ட மக்களுக்குப் பழகிய சாலைகள்தாம். பழகிய சாலை என்பதால் ஆபத்து குறைந்துவிடவில்லை. 2020 டிசம்பர் 12 அன்று தொப்பூரில் ஒரு லாரி அடுத்தடுத்து நின்ற வாகனங்கள் மீது மோதியதில் 4 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதிக்கொண்டதில் மீண்டும் 4 உயிர்கள் போயின. செய்தியில் இரண்டு நாள் பேசப்பட்டு மறக்கப்படும் இந்த விபத்துகளின் உண்மையான சுமை, அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்தக் குடும்பங்களின் தலையில்தான் இருக்கிறது.

நம் சமுதாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால், "அல்லாஹ்வின் நாட்டம், கேஸ் எதற்கு, பேசி முடித்துக்கொள்வோம்" என்று பெரியவர்கள் கூடி, கைக்கு வந்த தொகையை வாங்கிக் கொடுத்து விஷயத்தை மூடிவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் இத்தா இருக்கும் விதவைக்கும், விவரம் தெரியாத யதீம் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய உரிமை அங்கேயே பறிபோகிறது. கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. உரிமையைக் கேட்காமல் விடுவது கத்ரை நம்புவதாகாது. மார்க்கமே இறந்தவரின் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகையை விதித்திருக்கும்போது, அதைக் கேட்பது பொறுமைக்கு எதிரானது எப்படி ஆகும்?

முதல் ஒரு மணி நேரம்

விபத்தைக் கண்டால் முதலில் 108-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 எண்ணும் உண்டு. அடிபட்டவரை இழுத்துத் தூக்காதீர்கள், கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

"உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும்" என்ற பயத்தில் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். இந்தப் பயத்துக்கு இன்று இடமில்லை. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவி செய்வோருக்கான பாதுகாப்பை உறுதி செய்தது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும் அதையே சொல்கிறது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. ஓர் உயிரை வாழவைப்பவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்று குர்ஆன் (5:32) கற்பிக்கிறது. இதை அறிந்தவர் வாகனத்தை நிறுத்தாமல் போகலாமா?

சிகிச்சைக்குக் கையில் பணம் இல்லையே என்றும் தயங்க வேண்டாம். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கப்பட்டது. விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் நோயாளி பணம் கட்டத் தேவையில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லா சிகிச்சை உண்டு. மருத்துவமனையில் சேர்த்தவுடன் இந்தத் திட்டங்களைச் சொல்லிக் கேளுங்கள்.

வாகனத்தை ஓட்டியவரின் கடமை

மோதியவர் நம்மவராகவும் இருக்கலாம். கூட்டம் அடிக்கும் என்ற பயத்தில் ஓடிப்போகிறவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் அங்கிருந்து விலகி நேராகக் காவல் நிலையத்துக்குப் போகலாம். ஆனால் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் கொடுப்பதும் 134-வது பிரிவின்படி ஓட்டுநரின் கடமை.

லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டியிருப்பான். லைசென்ஸ் உள்ள அண்ணன் "நான்தான் ஓட்டினேன்" என்று போய் நிற்பார். இது குடும்பப் பாசமாகத் தெரியலாம். மார்க்கத்தில் இதன் பெயர் பொய் சாட்சி, பெரும்பாவங்களில் ஒன்று. 18 வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால், 199-ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும்.

தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டால் என்ன செய்வது என்பதை குர்ஆன் 4:92 விளக்குகிறது. இறந்தவரின் குடும்பம் தானாக மன்னித்தாலன்றி அவர்களுக்கு 'தியத்' எனும் ஈட்டுத்தொகை தர வேண்டும். பரிகாரமாக அடிமையை விடுதலை செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். 1993-ல் புருனேயில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி சாலை விபத்து குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்கக் கடமை என்றும், பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு ஓட்டுநரே பொறுப்பு என்றும் அது கூறியது. தவிர்க்கவே முடியாத சூழல், பாதிக்கப்பட்டவரின் சொந்தச் செயல், மூன்றாம் நபரின் தவறு ஆகியவை விலக்கு. தன் விஷயத்தில் எது பொருந்தும் என்பதை ஒவ்வொருவரும் தகுதியான ஆலிமிடம் நடந்ததை உள்ளபடி சொல்லிக் கேட்க வேண்டும். போலீஸ் கேஸ் முடிந்துவிட்டால் மறுமைக் கணக்கும் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

உடற்கூறாய்வு ஏன் தேவை

மையித்தை விரைவாக அடக்கம் செய்ய நாம் ஏவப்பட்டிருக்கிறோம். அதனால் உடற்கூறாய்வு என்றாலே மனம் பதறுகிறது. "கையெழுத்துப் போட்டு வாங்கிப் போய்விடலாம்" என்று சிலர் முயல்கிறார்கள். ஆனால் விபத்தினால்தான் மரணம் என்பதற்கு நீதிமன்றம் முதலில் கேட்கும் ஆவணங்கள் முதல் தகவல் அறிக்கையும் உடற்கூறாய்வு அறிக்கையும்தான். அவை இல்லாவிட்டால் பின்னால் அந்த விதவை எதை வைத்து நிரூபிப்பார்?

தாமதத்தைக் குறைக்க வழி இருக்கிறது. 2021 நவம்பர் 15 முதல், போதிய வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் உடற்கூறாய்வு செய்ய மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்திருக்கிறது. கொலை, தற்கொலை போன்ற சந்தேகத்துக்குரிய மரணங்களுக்கே தடை. ஜமாஅத் நிர்வாகிகள் உடனே காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் ஆள் அனுப்பி, காவல்துறை விசாரணை அறிக்கை விரைவில் தயாராகப் பேசினால் ஓர் இரவுக் காத்திருப்பைத் தவிர்க்கலாம்.

இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது

பேசி முடிக்கும் தொகைக்கும் சட்டப்படி வரவேண்டிய தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். 38 வயது பெயின்டர், மாத வருமானம் ரூ.15,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என 4 பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2009 சர்ளா வர்மா, 2017 பிரணய் சேத்தி தீர்ப்புகளின் கணக்கு இது:

வருங்கால வருமான உயர்வுக்காக 40% சேர்த்தால் ரூ.21,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நாலில் ஒரு பங்கைக் கழித்தால் ரூ.15,750. ஆண்டுக்கு ரூ.1,89,000. 36 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு 15 மடங்கு என்பதால் ரூ.28,35,000. அடக்கச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை தனி. இந்தக் குடும்பத்திடம் மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ கொடுத்து "கேஸ் வேண்டாம்" என்று எழுதி வாங்கினால், அந்தப் பிள்ளைகள் எவ்வளவு இழக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மோதிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டாலும் வழி அடைபடவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல், மரணத்துக்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.50,000-மும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

மனு எங்கே, எப்போது

மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் மனு செய்ய, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்று சட்டத்தின் 166(3) பிரிவு காலக்கெடு வைத்திருக்கிறது. இத்தா முடியட்டும், நாற்பது நாள் போகட்டும் என்று தள்ளிப்போடுவதில் இந்தக் கெடு கரைந்துவிடும். விபத்து நடந்த ஊரில்தான் மனு செய்ய வேண்டும் என்பதில்லை. நம் பிள்ளைகள் பலர் பெங்களூரு, ஓசூர் என்று வேலைக்குப் போகிறார்கள். அங்கே விபத்து நடந்தாலும், குடும்பம் வசிக்கும் தர்மபுரி மாவட்டத்திலேயே மனு போடலாம்.

எடுத்து வைக்க வேண்டிய ஆவணங்கள்: முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா மருந்து ரசீதுகளும், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, மோதிய வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் விவரம், வருமானச் சான்று, இறப்பு மற்றும் வாரிசு சான்றிதழ்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்பவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. லோக் அதாலத்தில் சமரசம் பேசும்போது நிதானம் தேவை, அங்கே முடிவானால் மேல்முறையீடு கிடையாது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வரும் தொகையில் இவ்வளவு சதவீதம் என்று கட்டணம் பேசுவது வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிக்கே எதிரானது.

தீர்ப்பாயம் தாமதத்துக்கு வட்டியும் சேர்த்துத் தரும். அதை என்ன செய்வது என்று ஆலிமிடம் கேளுங்கள். அதற்காக மூல உரிமையை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் பங்கு வங்கியில் வைப்புத்தொகையாக வைக்கப்படும். அது அவர்களுடைய பணம். யதீம்களின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் பற்றி குர்ஆன் 4:10-ல் வரும் எச்சரிக்கையைப் பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார்கள் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றிய தயக்கம்

இன்சூரன்ஸில் வட்டி கலந்திருக்கிறது என்று பேணுதலுள்ள சகோதரர்கள் தயங்குவது நமக்குத் தெரியும். ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டத்தின் 146-வது பிரிவுப்படி கட்டாயம். சட்டக் கட்டாயம் இருக்கும் இடத்தில் ஆலிம்கள் இதை அனுமதித்திருக்கிறார்கள். இது இல்லாத வண்டி யாரையாவது மோதிவிட்டால், மேலே பார்த்த 28 லட்சத்தை உரிமையாளரே கட்ட வேண்டும். அவர் வீட்டை விற்றாலும் போதாது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலும் இதைத்தான் நமக்குப் புரியவைக்கிறது.

ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்களாவது இந்த விவரங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜனாஸாவுக்குத் திரளும் நம் கூட்டம், அடுத்த ஆறு மாதம் அந்த விதவையின் மனுவுக்காக ஒரு நாளாவது கூடப் போய் நின்றால், யதீமின் தலையைத் தடவியதன் பொருள் முழுமையாகும். அல்லாஹ் நம் அனைவரையும் திடீர் விபத்துகளிலிருந்து பாதுகாப்பானாக, பாதிக்கப்பட்டோரின் உரிமையை நிறைவேற்றும் மக்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.