அப்பாவின் என்ஜினுக்கு டிகோடர் வைத்த கதை

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கி வந்த மறுநாள் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "இதுல என்னென்னமோ செய்யலாம்ன்றியே, அலமாரியில கெடக்கிற ரயிலை ஓட்ட முடியுமா?"

அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் மெக்கானிக்காக இருந்தவர். 1980களில் அங்கே தோல் பிளக்கும் மெஷின் ஒன்றைப் பொருத்த ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். மூன்று வாரம் இருவரும் கை ஜாடையிலேயே பேசி வேலை செய்தார்களாம். அடுத்த வருடம் அவர் அனுப்பிய பெட்டியில் இரண்டு என்ஜின், ஆறு பெட்டி, வட்டமாகப் பூட்டும் தண்டவாளம், ஒரு கண்ட்ரோல் பாக்ஸ் எல்லாம் இருந்தன. 1990களின் நடுவில் கழிவுநீர் வழக்கில் பல டேனரிகள் மூடப்பட்டபோது அப்பாவுக்கும் சில மாதம் சம்பளம் இல்லை. அப்போது ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டும் அவர் ரயிலை விற்கவில்லை. பிறகு கண்ட்ரோல் பாக்ஸ் கெட்டுப் போனது. ரயில் அலமாரிக்குள் போய்விட்டது.

அந்த ரயிலில் அவருக்கு ஒரு பழைய குறை உண்டு. "ஜோலார்பேட்டையில ஒரு என்ஜின் நிக்கும், அதே லைன்ல இன்னொண்ணு மெதுவா வந்து சேரும். இதுல ரெண்டையும் வெச்சா ரெண்டும் ஒண்ணாவே ஓடுது. இது என்ன ரயிலு?"

அவர் கேட்டது சரிதான். பழைய பொம்மை ரயில்களில் தண்டவாளத்திற்குப் போகும் டிசி மின்சாரம்தான் ஆக்ஸிலரேட்டர். வோல்ட்டைக் கூட்டினால் வேகம், ப்ளஸ் மைனஸை மாற்றினால் பின்னோக்கி ஓட்டம். தண்டவாளத்தின் மேல் எத்தனை என்ஜின் இருந்தாலும் அத்தனைக்கும் ஒரே கட்டளைதான்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல், சுருக்கமாக டி.சி.சி. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோட் சங்கம் 1990களில் பொதுத் தரம் வகுத்தது. அதனால் ஒரு கம்பெனியின் டிகோடர் இன்னொரு கம்பெனியின் கண்ட்ரோலரிலும் வேலை செய்கிறது. கம்ப்யூட்டர் உலகில் யு.எஸ்.பி. செய்த காரியத்தை இங்கே இந்தத் தரம் செய்தது.

டி.சி.சி.யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதன் திசை நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோசெகண்ட் இருந்தால் அது 1. 100 மைக்ரோசெகண்ட் அளவுக்கு நீண்டால் 0. உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற அதே 0, 1தான் இங்கே தண்டவாளத்தில் ஓடுகிறது. "3-ம் நம்பர் என்ஜின், முன்னோக்கி, பாதி வேகம்" என்று ஒரு தகவல் போகும். எல்லா என்ஜினுக்கும் அது கேட்கும். தன் நம்பர் வந்தால் மட்டும் அந்த என்ஜினுக்குள் இருக்கும் டிகோடர், மோட்டாருக்குத் தேவையான மின்சாரத்தை அளந்து விடும். டிகோடர் என்பது தபால் தலை அளவில் ஒரு சர்க்யூட் போர்டு, அவ்வளவுதான்.

நமக்குக் கம்ப்யூட்டரே கண்ட்ரோலர் ஆகிவிடும். டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற இலவச மென்பொருளை ஆர்டுயினோ மெகா போர்டில் ஏற்றி, அதன் மேல் ஒரு மோட்டார் ஷீல்டை அமர்த்தினால் கமாண்ட் ஸ்டேஷன் தயார். மென்பொருளை ஏற்ற இ.எக்ஸ்.-இன்ஸ்டாலர் என்ற புரோகிராம் கிடைக்கிறது. ஷீல்டுக்கு 14 வோல்ட் டிசி கொடுத்தேன். பழைய லேப்டாப் அடாப்டர் சும்மா கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் 19 வோல்ட். இன்னொன்று, ஷீல்டின் அடியில் வி-இன் கனெக்ட் என்று குறித்த மெல்லிய இணைப்பைக் கத்தியால் கீறித் துண்டிக்க வேண்டும். இல்லையென்றால் தண்டவாளத்திற்கான மின்சாரம் ஆர்டுயினோவுக்குள்ளும் போகும்.

அடுத்து கம்ப்யூட்டரில் ஜே.எம்.ஆர்.ஐ. மென்பொருளை நிறுவ வேண்டும். ஜாவாவில் எழுதப்பட்டது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், முற்றிலும் இலவசம். இதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான பாப் ஜேக்கப்சன் ஓர் இயற்பியல் பேராசிரியர். தங்கள் புரோகிராம் வரிகளை வேறொருவர் உரிம நிபந்தனையை மீறி எடுத்துக்கொண்டதாக அவர் வழக்குப் போட்டார். ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின் நிபந்தனைகளும் காப்புரிமைச் சட்டப்படி செல்லும் என்று 2008-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். பொம்மை ரயில் ஓட்டியவர்களால் வந்த தீர்ப்பு அது!

யு.எஸ்.பி. கேபிளைச் செருகியதும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்பதன் கீழ் எந்த காம் நம்பர் புதிதாக வந்திருக்கிறது என்று பாருங்கள். எனக்கு காம் 4 வந்தது. எதுவுமே வராவிட்டால் போர்டுக்கான டிரைவரை நிறுவ வேண்டும். ஜே.எம்.ஆர்.ஐ.யில் பிரிபரன்சஸ், கனெக்‌ஷன்ஸ் சென்று டி.சி.சி.-இ.எக்ஸ். என்பதையும் அந்த காம் நம்பரையும் தேர்ந்தெடுத்து சேவ் செய்திடுங்கள். புரோகிராம் மூடித் திறக்கும். இதுவரைக்கும் ஒரு மாலை நேர வேலைதான்.

என்ஜினைத் திறந்தபோதுதான் என் புத்திசாலித்தனம் வெளிப்பட்டது.

புதிய என்ஜின்களில் டிகோடர் செருக எட்டு முள் சாக்கெட் போன்ற ஏதாவது ஒன்று தயாராக இருக்கும். நாற்பது வருட என்ஜினில் அது கிடையாது, வயரை நாமே பற்றவைக்க வேண்டும். வயர்களின் நிறங்களுக்கு இந்தத் தரத்திலேயே அர்த்தம் உண்டு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் வயர்கள். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான ப்ளஸ். நெட்டில் இதைப் படித்தேன், 25 வாட் சோல்டரிங் அயர்னால் பற்றவைத்தேன், நேராகத் தண்டவாளத்தில் வைத்துப் பவரைப் போட்டேன். என்ஜின் அசையவில்லை. ஒரு நொடியில் கருகல் வாசனை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இருபத்திரண்டு நாள் காத்திருந்த டிகோடர் அது.

அப்பா ஈஸி சேரிலிருந்து கேட்டார், "மோட்டார் பாடிக்குக் கரண்ட் வருதான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. அவருக்குக் கை நடுக்கம் வந்து நாலைந்து வருடமாகிறது. அதனால் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் நானே தனியாக உட்கார்ந்தேன். மல்ட்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை மோட்டாரின் பிரஷ்ஷிலும் மறு முனையை என்ஜினின் இரும்புச் சட்டத்திலும் வைக்கச் சொன்னார். பீப் என்றது. அந்தக் கால என்ஜின்கள் பலவற்றில் இரண்டு பிரஷ்களில் ஒன்று சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். சட்டம் ஒரு பக்கச் சக்கரத்தோடு சேர்ந்திருக்கும். டிசியில் ஓடும்போது இதனால் ஒரு வயர் மிச்சம், தீமை எதுவும் இல்லை. டிகோடர் வைக்கும்போது அதன் சாம்பல் வயர் நேராகத் தண்டவாளத்தில் போய் முட்டுகிறது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் தாங்குமா?

புதிதாக டிகோடர் வைக்கும் வாசகர்கள் மற்றதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். மோட்டாரின் இரண்டு முனைகளும் டிகோடரைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. பழைய வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிரஷ்ஷிலிருந்தும் சட்டத்திற்கும் இரு பக்கச் சக்கரங்களுக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள். எங்கேயும் பீப் வரக்கூடாது. வந்தால் அதைச் சரி செய்யும் வரை டிகோடர் கவரைப் பிரிக்காதீர்கள்.

அப்பா சொல்லச் சொல்ல நான் செய்தேன். சட்டத்தோடு ஒட்டியிருந்த பிரஷ் ஹோல்டரைக் கழற்றி, ஓட்டையைச் சற்றே பெரிதாக்கி, பைபர் துண்டில் சின்ன வாஷர் வெட்டி நடுவில் வைத்தோம். மூன்று வாஷர் வீணாயிற்று. நாலாவதை அவரே வாங்கி, மேஜை விளிம்பில் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ராவினார். அது சரியாக உட்கார்ந்தது. மோட்டாரின் குறுக்கே இருந்த கெப்பாசிட்டரையும் எடுக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்தது. இப்போது டிகோடர் துண்டுதுண்டாக அனுப்பும் மின்சாரத்தை அது குழப்பும்.

டிகோடரைச் சுற்றி வைக்க லைனிங் தோல் துண்டு ஒன்றை எடுத்தேன். நம் ஊரில் அதற்கா பஞ்சம்! "மழை நாள்ல தோல் ஈரம் இழுக்கும்டா, இதுகூடத் தெரியாம ஆம்பூர்ல பொறந்தியா" என்று திட்டு விழுந்தது. செல்போன் சர்வீஸ் கடையில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கேப்டன் டேப்தான் சரி. விளக்குக்கு எல்.இ.டி. வைப்பவர்கள் நீண்ட காலை நீல வயரிலும், மற்றதை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வெள்ளை வயரிலும் சேர்க்கவும்.

இரண்டாவது டிகோடரை முதலில் புரோகிராமிங் டிராக்கில்தான் வைத்தேன். இது ஷீல்டின் இன்னொரு அவுட்புட்டோடு சேர்த்த தனித் தண்டவாளத் துண்டு. இங்கே கரண்ட் குறைவாகவே விடப்படும் என்பதால், இணைப்பில் தவறு இருந்தாலும் பெரும்பாலும் டிகோடர் தப்பித்துவிடும். ஜே.எம்.ஆர்.ஐ.யின் டிகோடர்புரோ பகுதியில் நியூ லோகோ கிளிக் செய்து, டிகோடரைப் படிக்கச் சொன்னதும் என்ஜின் இலேசாகச் சிலிர்த்தது. கேட்ட கேள்விக்கு மோட்டாரைக் கணநேரம் இழுத்துத்தான் டிகோடர் "ஆம்" சொல்லும். அந்தச் சிலிர்ப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

டிகோடருக்குள் சி.வி. எனப்படும் எண்ணிட்ட அறைகள் உண்டு. சி.வி. 1-ல் என்ஜினின் சிறிய நம்பர், புதிதாக வரும்போது 3 என்று இருக்கும். பெரிய நம்பர் வேண்டுமென்றால் சி.வி. 17, 18 இரண்டும் சேர்ந்து அதை வைத்திருக்கும். உச்சவரம்பு 10239. எனவே நம் ரயில்வே என்ஜின்களின் ஐந்திலக்க எண்கள் பெரும்பாலும் அதில் அடங்காது, கடைசி நாலைத்தான் வைக்க முடியும். அப்பாவின் என்ஜினுக்கு டேனரியில் அவருடைய டோக்கன் நம்பரான 1417-ஐக் கொடுத்தேன். சி.வி. 17-ல் 197, 18-ல் 137 என்று கணக்கை டிகோடர்புரோவே போட்டுக்கொண்டது. சி.வி. 29-ல் 34 வந்தது. என்னைப்போல் எதையாவது மாற்றிக் குழப்பிவிட்டால், பல டிகோடர்களில் சி.வி. 8-ல் 8 என எழுதினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது என்ஜினுக்கும் அடுத்த மாதம் டிகோடர் வைத்தாயிற்று. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஜே.எம்.ஆர்.ஐ.யில் வைத்ராட்டில் சர்வரை இயக்கி, ஆண்ட்ராய்டு போனில் என்ஜின் டிரைவர் என்ற இலவச ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஒரே வை-ஃபையில் இரண்டும் இருந்தால் போதும், போனே த்ராட்டில் ஆகிவிடும்.

ஆனால் விரல் நடுங்கியது. திரையில் வேகக் கோடு திடீரென மேலே தாவும், சட்டென்று கீழே விழும், என்ஜின் குதித்துக் குதித்து ஓடும். அவர் ஒன்றும் சொல்லாமல் போனைக் கீழே வைத்துவிட்டார். அன்றிரவு சி.வி. 3-லும் 4-லும் 20 என எழுதினேன். 3 வேகமெடுப்பதற்கு, 4 வேகம் குறைவதற்கு. பெரும்பாலான டிகோடர்களில் இந்த எண்ணை 0.9-ஆல் பெருக்கினால் நின்ற நிலையிலிருந்து முழு வேகத்திற்கு ஆகும் நொடி கிடைக்கும், அதாவது ஏறத்தாழ 18 நொடி. இடையில் விரல் தாவினாலும் என்ஜின் அதைப் பொருட்படுத்தாமல் மெதுவாகவே மாறும்.

மறுநாள் காலை 1417 தண்டவாளத்தில் நின்றிருந்தது. அப்பா இன்னொரு என்ஜினைத் தேர்ந்தெடுத்து, அதே வட்டத்தில் பின்னாலிருந்து மெல்லக் கொண்டுவந்து, நிற்கிற பெட்டிகளில் கொக்கி மாட்டினார். சத்தம்கூடக் கேட்கவில்லை. "இப்ப ஜோலார்பேட்டை மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "அந்த ரெண்டாவது என்ஜின்ல பிரஷ் கொஞ்சம் தேஞ்சிருக்கு, சத்தத்துலயே தெரியுது. சாயந்திரம் கழட்டு" என்றார்.

கழற்றிப் பார்த்தோம். தேய்ந்துதான் இருந்தது.