ஓமலூர் வட்டாரத்தில் மூதாதையரைத் தேடுதல்

சேலம் மாவட்டம் ஓமலூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் முன்னோரை அறிய விரும்புவோர் முதலில் நினைப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான். மேலைநாடுகளில் அது நல்ல வழி. இங்கிலாந்தில் நூறு ஆண்டுகள் கழித்தும் அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழித்தும் வீட்டுவாரியான படிவங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. இந்தியாவில் நிலைமை வேறு. 1881 முதல் பத்தாண்டுக்கொரு முறை எடுக்கப்பட்ட பழைய கணக்குகளின் வீட்டுப் படிவங்கள், தொகை கூட்டி முடிந்தபின் பொதுவாகப் பாதுகாக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, தனிமனிதர் விவரங்களைப் பிறர் பார்வையிடவும் முடியாது. எஞ்சியிருப்பவை கூட்டுத்தொகைகளே. அவை பேசாமல் இல்லை. 1871இல் ஏறக்குறைய 19.7 லட்சமாக இருந்த அன்றைய சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகக் குறைந்தது. இடையில் வந்தது 1876-78 தாது வருடப் பஞ்சம். மாண்டவர்களின் பெயர்கள் அந்த அட்டவணையில் இல்லை.

நிலமும் பத்திரமும்

கணக்கெடுப்பு கைவிடும் இடத்தில் நிலம் கைகொடுக்கும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றில் நிலம் வைத்திருந்தவரின் பெயர் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்திலுள்ள கிரயம், அடமானம், பாகப்பிரிவினைப் பத்திரங்கள் இன்னும் பயனுள்ளவை. "இன்னார் குமாரர் இன்னார்" என்று எழுதும் வழக்கத்தால் ஒரே தாளில் இரண்டு, மூன்று தலைமுறைகள் கிடைத்துவிடும். வில்லங்கச் சான்றிதழிலிருந்து தொடங்குவது எளிது.

ஒரு சிக்கல் உண்டு. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். "பேரன்" என்ற சொல்லே "பெயரன்" என்பதிலிருந்து வந்தது. எனவே ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்பத் திரும்ப வரும். தந்தை பெயரையும் பத்திரத்தின் ஆண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் தாத்தாவும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள்.

இறப்புப் பதிவு

பிறப்பு, இறப்புகளைப் பதிய 1899இல் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. ஆனால் எல்லாக் கிராமங்களிலும் அது உடனே கட்டாயமாகவில்லை. கிராமப் பதிவேடு மணியக்காரரிடமும் நிலக்கணக்கு கர்ணத்திடமும் இருந்தன. 1980இல் இப்பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. பழைய ஏடுகளை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். எல்லைகள் மாறியதையும் மறக்கக்கூடாது: பழைய சேலம் மாவட்டத்திலிருந்து தர்மபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிந்தன. ஓமலூர் வட்டத்திலிருந்தும் காடையாம்பட்டி பின்னர் தனி வட்டமாயிற்று.

ஊர் இடுகாடுகளுக்கும் சுடுகாடுகளுக்கும் பொதுவாகப் பதிவேடு கிடையாது. கிறித்தவக் குடும்பங்களுக்கு மட்டும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் ஏடுகள் பங்கு ஆலயங்களில் கிடைக்கலாம்.

கடல் கடந்தவர்கள்

நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு மேற்கண்ட பத்திரங்களில் பெரும்பாலும் இடமில்லை. விந்தை என்னவென்றால், அப்படிப்பட்ட ஏழை ஒருவர் ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியிருந்தால், ஊரிலிருந்த நிலக்கிழாரைவிட விரிவாக அவரைப் பற்றி எழுதப்பட்டிருக்கும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1,52,184 பேர் சென்றனர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். சேலம் மாவட்டத்தாரும் அவர்களில் உண்டு. கப்பல் பட்டியலில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள மச்சம் அல்லது தழும்பு வரை குறிக்கப்பட்டன. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அங்க அடையாளம், இன்று ஒரு கொள்ளுப்பேத்திக்குக் கிடைக்கும் ஒரே உருவச் சித்திரமாக இருக்கலாம்.

இப்பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ல, ள, ழ வேறுபாடு மறைந்துவிட்டது. ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பல சமயம் பிடிபடும். மொரிசியசுக்குச் சென்றோரின் பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படமும் உண்டு.

தேடலுக்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் குலதெய்வம் எந்த ஊரில் உள்ளது என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. குடும்பம் இடம் பெயர்ந்திருந்தாலும் கோயில் பெரும்பாலும் பழைய ஊரிலேயே இருக்கும். எந்த வட்டத்தின் ஏடுகளைக் கேட்பது என்பது அதிலிருந்து தெரியவரும்.